வீட்டு ஒலிப்பதிவில் எதிரொலியும் எதிர்முழக்கமும்

மூல ஒலியிலிருந்து பிரிந்து தனியாகத் திரும்பிக் கேட்பது எதிரொலி. சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் எண்ணற்ற எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து நீள்வது எதிர்முழக்கம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை வெளியேற்றிய கூடத்தில் குரல் கணகணவென்று கேட்பது இரண்டாவது வகை. ஒலிப்பதிவில் இவை முறையே டிலே, ரிவெர்ப். கச்சேரி மேடையில் இரண்டுக்கும் ‘எக்கோ’ என்றே பெயர்.

முழக்கம் அடங்கும் நேரத்தை முறையாக அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895 முதல், ஒரு விரிவுரைக் கூடத்தில் இருக்கை மெத்தைகளைப் பரப்பியும் அகற்றியும், ஆர்கன் குழலின் ஒலி எத்தனை நொடியில் மறைகிறது என்று இரவு வேளைகளில் குறித்துவந்தார். 1947இல் சிகாகோவில் பில் புட்னம், குளியலறைக்குள் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து, அங்கே எழுந்த முழக்கத்தை இசைத்தட்டில் கலந்தார். டேப் ரிக்கார்டரில் பதிவுத் தலையிலிருந்து வாசிப்புத் தலைக்கு நாடா நகரும் நேரமே டிலே ஆயிற்று. ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் 1957இல் எஃகுத் தகட்டை அதிரவைத்து முழக்கம் தரும் கருவியைச் செய்தது. அதன் எடை ஏறக்குறைய 270 கிலோ. அந்நிறுவனத்தின் டிஜிட்டல் கருவி 1976இல் வந்தது.

கோடம்பாக்கத்தில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் பதிவுசெய்த காலத்தில், கூடத்தின் முழக்கமும் பாட்டோடு சேர்ந்தே பதிவானது. 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படப் பாடல்கள் ஏ.ஆர். ரஹ்மானின் வீட்டையொட்டிய பஞ்சதன் ரெக்கார்டு இன் ஸ்டூடியோவில் உருவாயின. பெருங்கூடம் இல்லாமலும் திரையிசை பிறக்கும் என்பதை அவை நாடறியக் காட்டின.

இன்று தகட்டையும் நாடாவையும் மடிக்கணினியின் மென்பொருளே செய்துகாட்டுகிறது. ஆனால் அறையின் சொந்த முழக்கம் மைக்கில் ஏறிவிட்டால் அதை நீக்குவது கடினம். சேர்ப்பது எப்போதும் எளிது. ஆகவே சுற்றிலும் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டுப் பாடுவதே முதல் வேலை. ரிவெர்ப்பைத் தனித் தடத்தில் வைத்து, அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டினால் மிருதங்கத்தின் தொப்பி குழம்பாது. குரலுக்கும் முழக்கத்துக்கும் நடுவே 20 முதல் 30 மில்லிநொடி இடைவெளி விட்டால் சொல் தெளிவாக நிற்கும். டிலே நேரத்துக்கு 60,000ஐ நிமிடத் தாள எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: 120 தட்டென்றால் 500 மில்லிநொடி. மெல்லிசைக்கு இக்கணக்கு நன்கு பொருந்தும். பிருகா நிறைந்த கர்நாடக ஆலாபனையிலோ ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் மேல் படிந்து கமகத்தையே மறைத்துவிடும் என்பதால், அங்கே குறுகிய முழக்கமே ஏற்றது.