தட்கா தொர்கா ஆன கதை: கல்கத்தாவின் மஞ்சள் அம்பாசிடரும் ஓட்டுநர் உணவும்

பஞ்சாபியில் 'தட்கா' என்பது உணவன்று, ஒரு செயல். நெய்யில் சீரகம், பூண்டு, வெங்காயம் முதலியவற்றைப் பொரித்துப் பருப்பின் மேல் கொட்டும் தாளிப்பையே அது குறிக்கும். அச்சொல்லே கல்கத்தாவில் 'தொர்கா' என்று ஒலிக்கிறது. அங்கு அது ஓர் உணவின் பெயர். தோல் நீக்காத பச்சைப்பயற்றை வேகவைத்து, வெங்காயமும் மசாலாவும் சேர்த்து வதக்கி, பல வேளைகளில் முட்டையையும் உடைத்து ஊற்றிக் கிளறி, ருட்டியோடு பரிமாறுவார்கள். சமைக்க மனமில்லாத இரவுகளில் வங்காளி வீடுகளுக்குப் பொட்டலமாக வந்துசேரும் உணவு அது. ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட் ஃபுட்' என்பார்களே, அவ்வகை.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. வற்றல், பொரியல், துவையல் எல்லாம் தொழிலாகுபெயர்களே. வினவ வேண்டியது, இம்மாற்றம் பஞ்சாபில் நிகழாமல் வங்கத்தில் ஏன் நிகழ்ந்தது என்பதுதான். வங்காளியில் தாளிப்புக்கு 'ஃபோரொன்' என்ற சொல் வேரூன்றியிருந்தது. வந்த சொல்லின் இருக்கையில் முன்பே ஒருவர் அமர்ந்திருந்ததால், அது வேறோர் இடம் தேடிக்கொண்டது.

அதைச் சுமந்துவந்தவர்கள் யார் என்று தேடினால் வாடகைக்கார்களிடம் போய் நிற்க நேர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கல்கத்தாவின் வாடகைக்கார்த் தொழிலில் சீக்கியர் முன்னிலை வகித்தனர். பவானிபூர் அவர்களது முதன்மையான குடியிருப்புகளுள் ஒன்று. நேரங்கெட்ட நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உண்ண வருபவர்களுக்காக அங்கே தாபாக்கள் எழுந்தன. பஞ்சாபில் முழுக் கறுப்பு உளுந்து பெற்ற இடத்தை இங்கே பச்சைப்பயறு பெற்றது. வங்காளி வாடிக்கையாளர் பிறகு வந்தவர். உணவு முதலில் ஓட்டுநருடையது.

அந்த ஓட்டுநர்களின் கைக்குப் பின்னர் வந்ததுதான் அம்பாசிடர். 1942இல் குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், விடுதலைக்குப் பின் ஹூக்ளியின் மேற்குக் கரையிலுள்ள உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை ஒட்டி 1957இல் அம்பாசிடரை உருவாக்கியது. முன்புறம் முறுக்குத் தண்டு, பின்புறம் பட்டை வில். குண்டுங்குழியுமான சாலையில் இவை காட்டிய பொறுமையே அவ்வண்டியின் புகழ். பின்னிருக்கை சோபாவை ஒத்தது. 1489 கன செ.மீ. எஞ்சினைத் தெருவோர மெக்கானிக் எவரும் பிரித்துப் பூட்டிவிடுவார்.

பழைய கார்களின் ஆர்வலர்கள் இவ்வண்டியைப் பற்றி எழுதுவதெல்லாம் பெரும்பாலும் பின்னிருக்கையிலிருந்து எழுதப்படுபவை. அது தவறன்று, ஆனால் பாதி வரலாறு. பவர் ஸ்டீயரிங் இல்லாத கனத்த வண்டியை, மே மாத வெயிலில், எஞ்சினின் சூடு காலில் ஏற, நாள் முழுதும் திருப்பியவருக்கு அதன் 'சுகம்' வேறாகவே இருந்திருக்கும். உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மக்களுக்கு இருந்த தெரிவுகளும் சில: அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. போட்டியின்மை ஒரு வடிவத்தை ஐம்பதாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தது என்பதை நினைவேக்கம் எளிதில் மறைத்துவிடும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 கன செ.மீ., மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம். பொறியியல் நோக்கில் அது ஒரு தலைமுறைத் தாவல். எரிபொருள் சிக்கனத்திலும் இலகுவிலும் அம்பாசிடர் அதற்கு ஈடாகாது. ஆயினும் குடும்பமும் மூட்டைமுடிச்சும் ஒருசேர ஏறும் வாடகைக்காராக மஞ்சள் அம்பாசிடரே கல்கத்தாவில் நீடித்தது.

இதற்கிடையே ஓட்டுநர் மாறிவிட்டார். சீக்கியர் படிப்படியாகக் குறைய, பீகாரிலிருந்து வந்தவர்கள் அவ்விடத்தை நிரப்பினர். அவர்களது உணவு லிட்டி, சோக்கா, சத்து. இந்தச் 'சத்து' நம் சத்துமாவின் சத்தன்று. வறுத்த கடலையை அரைத்த மாவு, வடமொழி 'சக்து' என்பதன் வழிவந்தது. தண்ணீரில் கரைத்து, உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த சவாரிக்குக் கிளம்பலாம். ஆனால் வங்காளியில் அம்மாவுக்கு 'சாத்து' என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. எனவே அடுத்த தலைமுறை ஓட்டுநர்களின் மாவு, தொர்காவைப் போல ஒரு சொல்லைத் தடயமாக விட்டுச்செல்லவில்லை. இந்நகரின் உணவு வரலாறுகளில் அவர்கள் அரிதாகவே தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

2008இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் பதினைந்து ஆண்டுகள் கடந்த வணிக வண்டிகளைப் பெருநகர்ப் பகுதியிலிருந்து விலக்க ஆணையிட்டது. 2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அக்கணக்கின்படி, அவ்வாண்டு பதிவான வண்டிகளுக்கு 2029 வரைதான் தவணை. அம்பாசிடர்களைப் பாதுகாக்க ஆர்வலர் பலர் உள்ளனர்; ஓட்டியவர்களின் நினைவுகளையும் அவர்கள் உண்ட கடைகளின் பெயர்களையும் வாய்மொழியாகத் திரட்டும் பணிக்கும் அதே தவணைதான்.