சரக்குந்து உந்து டயர்களின் வரலாறு: பிடிமானமும் எரிபொருள் சிக்கனமும்

உந்து டயர் என்பது கனரக லாரியில் எஞ்சினின் ஆற்றலைப் பெற்றுச் சாலையைத் தள்ளும் சக்கரங்களில் பூட்டப்படும் டயர் ஆகும். முன் டயர்கள் வண்டியைத் திருப்புகின்றன. இழுவைப் பெட்டியின் டயர்கள் சுமையைத் தாங்கி உருள்கின்றன. உந்து டயரோ சுமையைத் தாங்குவதோடு, வழுக்காமல் சாலையைப் பற்றவும் வேண்டும். நன்றாகப் பற்றும் டயர் பொதுவாக அதிக எரிபொருளைச் செலவழிக்கிறது. எளிதாக உருளும் டயர் சேற்றிலும் பனியிலும் தடுமாறுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை தேடிய கதையே இந்த டயரின் நூறாண்டு வரலாறு.

முரண்பாட்டின் அடிப்படை

சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் ரப்பர் அமுங்கி, பின் விரிகிறது. அமுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் விரியும்போது திரும்பக் கிடைப்பதில்லை; ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. நீண்ட தூரம் ஓடிய டயரைத் தொட்டால் சுடுவது இதனால்தான். இந்த இழப்பு உருளல் தடை எனப்படும். ரப்பர் எவ்வளவு தடிமனோ, அதன் கட்டைகள் எவ்வளவு ஆழமாக வெட்டப்பட்டுள்ளனவோ, அவ்வளவுக்கு அசைவும் இழப்பும் கூடும். ஆனால் சேற்றையும் பனியையும் கடித்துப் பிடிப்பவை அதே ஆழமான கட்டைகளே.

திட ரப்பரிலிருந்து காற்றுக்கு

காற்றடைத்த டயருக்கு இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1888-இல் ஜான் பாய்டு டன்லப் அதை மிதிவண்டிக்கு வெற்றிகரமாகக் கொண்டுவந்தார். ஆயினும் தொடக்க கால லாரிகள் திட ரப்பர் டயர்களிலேயே ஓடின. பல டன் சுமையைக் காற்று தாங்கும் என்று பலர் நம்பவில்லை. திட டயர் வேகத்தைக் கட்டிப்போட்டது. குலுங்கலில் வண்டியையும் சாலையையும் சேர்த்தே சேதப்படுத்தியது.

இந்த அவநம்பிக்கையைப் போக்க, 1917-இல் குட்இயர் நிறுவனம் காற்று டயர் பூட்டிய லாரி ஒன்றை ஒகையோ மாநிலத்தின் அக்ரானிலிருந்து பாஸ்டனுக்கு அனுப்பியது. சாலைகள் மோசமாக இருந்தன, டயர்கள் வெடித்தன, முதல் பயணமே வாரக்கணக்கில் நீண்டது. எனினும் அடுத்தடுத்த பயணங்களில் நேரம் வெகுவாகக் குறைந்து, காற்று டயர் கனரக வண்டிக்கும் ஏற்றது என்பது நிலைநாட்டப்பட்டது.

போர்க்காலப் படிப்பினை

1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானபோது நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரத்துப் பெரும்பாலும் நின்றுபோனது. அந்த மலாயாத் தோட்டங்களில் பால் வடித்தவர்களுள் பெரும் பகுதியினர் தமிழ்த் தொழிலாளர்கள். அமெரிக்கா செயற்கை ரப்பரை பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஆனால் அன்றைய செயற்கை ரப்பர் பெரிய டயர்களில் அதிகமாகச் சூடேறியது. எனவே கனரக டயர்களுக்கு இயற்கை ரப்பரின் கலப்பு தொடர்ந்து தேவைப்பட்டது. வெப்பம் குறைவாக உண்டாவதும் நீண்டு உழைப்பதும் இயற்கை ரப்பரின் சிறப்புகள். இன்றும் லாரி டயர்களில் அது முக்கிய இடம் பெற இதுவே காரணம்.

ரேடியல் டயரின் வருகை

பழைய டயர்களில் நூலிழைப் படலங்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். டயர் வளையும்போது அவை தம்முள் உராய்ந்து சூடேறும். பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகச் செல்கின்றன. அவற்றின் மேல் எஃகுப் பட்டை சுற்றப்படுகிறது. இதனால் பக்கச் சுவர் எளிதாக வளைகிறது. தரையைத் தொடும் பகுதியோ தட்டையாக நிலைத்து நிற்கிறது. பிடிமானமும் சிக்கனமும் ஒரே நேரத்தில் மேம்பட்ட அரிய மாற்றம் இது.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. டீசல் மலிவாக இருந்த வரை டயர் எத்தனை மைல் உழைக்கும் என்பதே லாரி உரிமையாளர்களின் கேள்வி. அதன்பின் எத்தனை லிட்டர் குடிக்கும் என்பதும் சேர்ந்துகொண்டது.

இந்தியாவில் மாற்றம் தாமதமாகவே வந்தது. மிகுசுமையும் கரடுமுரடான சாலைகளும் நிலவிய காலத்தில் முன்சக்கரத்துக்குக் கோடிட்ட ரிப் டயர், பின்சக்கரத்துக்கு ஆழக் கட்டையுள்ள லக் டயர் என்ற முறையில் நைலான் டயர்களே ஓடின. நெடுஞ்சாலைகள் விரிந்த பின்னரே லாரிகளில் ரேடியல் பரவியது. ஒரகடம், தேர்வாய் கண்டிகை போன்ற தமிழ்நாட்டு ஊர்களில் ரேடியல் டயர் ஆலைகள் எழுந்ததும் அதன் பிறகே.

சட்டங்கள் இழுத்த இரு திசைகள்

2000-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் மிச்செலின் அகன்ற ஒற்றை டயரை அறிமுகம் செய்தது. இரட்டை டயர்களின் இடத்தில் ஒன்று மட்டும் நிற்பதால் வளைய வேண்டிய பக்கச் சுவர்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன, எடையும் குறைந்தது. ஆனால் பஞ்சர் ஆனால் சுமையைத் தாங்கப் பக்கத்தில் துணை டயர் இல்லை.

2004-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஸ்மார்ட்வே திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தில் சரிபார்க்கப்பட்ட குறைந்த உருளல் தடை டயர்களை நெடுந்தூர லாரியின் எல்லாச் சக்கரங்களிலும் பூட்டினால் 3 சதவீதமோ அதற்கு மேலோ எரிபொருள் மிச்சமாகும் என்பது அதன் கணிப்பு. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆண்டுக்கு 1,50,000 கி.மீ. ஓடி, 100 கி.மீ.க்கு 35 லிட்டர் செலவழிக்கும் லாரிக்கு ஆண்டுத் தேவை 52,500 லிட்டர். அதில் 3 சதவீதம் 1,575 லிட்டர். 2008-இல் கலிபோர்னியா மாநிலம் குறிப்பிட்ட வகை நெடுந்தூர லாரிகளுக்கு இத்தகைய டயர்களைக் கட்டாயமாக்கும் விதியை ஏற்றது.

ஜெர்மனியின் விதியோ மறுதிசையில் சென்றது. பனிக்காலச் சாலைகளில் லாரிகளின் உந்து அச்சில் பனிப் பிடிமானம் சோதிக்கப்பட்ட டயர்கள் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. மலை மீதான பனித்துளிப் படம் அதற்கான அடையாளம். தொடக்கத்தில் இது 2018 முதல் தயாரிக்கப்பட்ட டயர்களுக்குப் பொருந்தியது. ஒரு சட்டம் எரிபொருளையும் புகையையும் எண்ணியது. மற்றொன்று பனியில் சறுக்கிச் சாலையை அடைத்து நிற்கும் லாரியை எண்ணியது. அந்தந்தச் சாலைக்கு இரண்டும் சரியே. 2012 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய டயர் முத்திரை எரிபொருள் தரத்தையும் ஈரச் சாலைப் பிடிமானத்தையும் அருகருகே காட்டி, தேர்வை வாங்குபவரிடமே விட்டது.

தேர்வின் இன்றைய நிலை

உந்து டயர்கள் இன்று இரு வகையாகப் பிரிந்து நிற்கின்றன. ஓரங்கள் திறந்து, சுமார் 25 மி.மீ. வரை ஆழக் கட்டைகள் கொண்டவை சேறு, பனி, மலைப்பாதை, கட்டுமானத் தளம் ஆகியவற்றுக்கு உரியவை. ஓரங்கள் மூடி, ஆழம் குறைந்தவை சமமான நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டத்துக்கு உரியவை. ஆழம் குறைந்தால் டயர் விரைவில் தேய்ந்து தீரலாம். எனவே மிச்சமாகும் டீசலோடு புது டயரின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. காற்றழுத்தம் குறைந்தால் எந்த நல்ல டயரின் சிக்கனமும் வீணாகும்.

திட ரப்பரிலிருந்து ரேடியல் வரை, ஒவ்வொரு காலத்திலும் தேர்வை முடிவு செய்தவை சாலையின் நிலையும் எரிபொருளின் விலையுமே. வண்டி ஆண்டில் பெரும்பாலான நாட்கள் ஓடும் சாலை எது, வழுக்கினால் நேரும் இழப்பு எவ்வளவு என்னும் இரு கேள்விகளுக்கு விடை தெரிந்த பின்னரே டயரின் பெயரைப் பார்ப்பது பொருந்தும்.