கூரையைப் பிரித்த நால்வர்

பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நம் கோவில் கட்டப்பட்ட கதையைத்தான் எதிர்பார்த்தார்கள் போலும். அதைப் பங்கின் பெரியவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் நம்மைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆகவே, கட்டிய கூரையை அவர்களுக்கு விட்டுவிட்டு, பிரிக்கப்பட்ட கூரை ஒன்றைப் பற்றி எழுத முற்படுகிறோம்.

கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் இயேசுநாதரிடம் சுமந்து வந்த நிகழ்ச்சி அனைவரும் அறிந்ததே. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இதை எழுதியுள்ளனர். மத்தேயு கூரையைப் பற்றி மூச்சு விடவில்லை. மாற்கு கூரையைத் தோண்டித் திறந்தார்கள் என்கிறார். லூக்காவோ ஓடுகளின் வழியாக இறக்கினார்கள் என்கிறார். குருமடத்தில் பயின்ற நாட்களில் இந்த வேற்றுமை நம்மைக் குழப்பியதுண்டு. தோண்டுவதற்குக் கூரை என்ன மண்தரையா?

ஆம், மண்தான் என்பதை அகழ்வாராய்ச்சி காட்டியது. கலிலேயாக் கடலின் வடகரையில் கிடந்த கப்பர்நாகூம் இடிபாடுகளைப் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் 1894-ல் விலைக்கு வாங்கினர். 1968 முதல் அச்சபைக் குருக்களான கோர்போ, லொப்ரேதா இருவரும் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட வீடுகளின் சுவர்கள் கரிய எரிமலைக் கல்லால் ஆனவை. கற்கள் செதுக்கப்படவில்லை, நல்ல சாந்தும் இல்லை. அத்தகைய சுவர் கனத்த கூரையைத் தாங்காது. எனவே மரச் சட்டங்களின்மேல் கிளைகளையும் நாணலையும் பரப்பி, வைக்கோல் கலந்த மண்ணைப் பூசி மூடினார்கள். மேலே ஏற வெளிப்புறத்தில் கல்படிகள் இருந்தன. மாற்கு எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. ஓட்டு வீடுகளில் வாழ்ந்த கிரேக்க மொழி வாசகர்களுக்கு எழுதிய லூக்கா, அவர்கள் அறிந்த கூரையைச் சொன்னார்.

அங்குள்ள வீடுகளில் ஒன்று மட்டும் தனித்து நின்றது. அதன் ஓர் அறைக்குத் திரும்பத் திரும்பச் சுண்ணம் பூசியிருந்தார்கள். சுவர்ப்பூச்சில் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் திருப்பயணிகள் கீறிய எழுத்துக்கள் இருந்தன. ஐந்தாம் நூற்றாண்டில் அதன்மேல் எண்கோணக் கோவில் ஒன்று எழுந்தது. புனித பேதுருவின் வீடு என்று வணங்கப்பட்ட இடம் அது. கூரை பிரிக்கப்பட்டது இந்த வீட்டில்தானா? மாற்கு வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லவில்லை. ஆகவே நாமும் அடித்துச் சொல்ல மாட்டோம். (வீடு எவருடையதாயினும், தலையில் மண் கொட்டியபோது வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ! மறுநாள் மண் குழைத்துப் பூசியது யாரோ!)

இதில் நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது ஒரு சொல். இயேசுநாதர் அந்த நோயாளியின் விசுவாசத்தைக் கண்டு என்று எழுதப்படவில்லை. "அவர்களுடைய" விசுவாசத்தைக் கண்டு என்று மூன்று நற்செய்தியாளரும் ஒன்றுபோல் எழுதியுள்ளனர். கூரை விஷயத்தில் வேறுபட்டவர்கள் இதில் வேறுபடவில்லை. நோயாளிக்கும் விசுவாசம் இருந்தது, இல்லாவிடில் தன்னைக் கயிற்றில் இறக்க விட்டிருப்பானா என்று புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விசுவாசத்துக்குக் கால்கள் இல்லை. கால்கள் மற்ற நால்வருக்கே இருந்தன.

அவர்கள் கேட்டு வந்தது உடல் நலம். முதலில் கிடைத்ததோ பாவமன்னிப்பு. இந்த வரிசையை ஆதித் திருச்சபை மறக்கவில்லை. இன்றைய சிரியாவின் கிழக்கே, யூப்ரட்டீசு நதிக்கரையில், தூரா யூரோப்பஸ் என்ற பழைய நகரில் 1931–32-ல் ஒரு வீட்டுக் கோவில் கண்டெடுக்கப்பட்டது. 256-ஆம் ஆண்டளவில் பாரசீகர் முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்த அதையொட்டிய வீடுகளில் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். ஊர் அழிந்தது, அந்த மண்ணால் சுவர் ஓவியங்கள் பிழைத்தன. ஞானஸ்நான அறையின் சுவரில் திமிர்வாதக்காரன் படுத்திருக்கிறான். பக்கத்திலேயே எழுந்து கட்டிலை முதுகில் சுமந்து நடக்கிறான். மேலே இயேசுநாதர் கை நீட்டி நிற்கிறார். குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவன்தான் இவன் என்பாரும் உண்டு. எப்படியாயினும், இயேசுநாதரைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் இதுவும் ஒன்று. இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அந்த ஓவியத்தில் சுமந்து வந்த நால்வர் இல்லை. ஆனால் ஞானஸ்நானத் தொட்டியருகே, கைப்பிடித்து அழைத்து வந்தவர்கள் நின்றிருப்பார்களே! ஹிப்போ ஆயரான புனித அகுஸ்தீனார், ஆயர் போனிபாசுவுக்கு எழுதிய மடலில் இதையே விளக்குகிறார். குழந்தையைக் கையில் ஏந்தி வருபவர் மட்டுமல்ல, திருச்சபை முழுவதுமே அதைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறது என்பது அவர் கருத்து. 1969-ல் வெளிவந்த குழந்தைகள் திருமுழுக்குச் சடங்கும், திருச்சபையின் விசுவாசத்தில் இக்குழந்தை திருமுழுக்குப் பெற விரும்புகிறீர்களா என்று பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு நம்மில் பலர் புகைப்படக்காரரைப் பார்த்தபடியே பதில் சொல்லிவிடுகிறோம்.

இங்கே நம் குறை ஒன்றையும் எழுதிவிட வேண்டும். முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்வோம். அவர்களில் ஒருவர் இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையான மூதாட்டி. மாதம் தவறாமல் சென்றதால் நம் கடமை முடிந்தது என்றே எண்ணியிருந்தோம். ஒரு நாள் அவர், "சாமி, நான் கோவிலைப் பார்த்து ஆறு வருஷம் ஆச்சு" என்றார். கோவிலுக்கும் அவர் வீட்டுக்கும் இடையே மூன்று தெருக்கள்தான். ஆறு ஆண்டுகளாக எவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு நான்கு இளைஞர் சென்றனர். சந்து குறுகல், கயிற்றுக் கட்டில் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு வேலியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மாலையில் அவரே வந்து வேலியைக் கட்டிக்கொண்டார்.

கோவிலுக்குள் வந்ததும், பீடத்தருகே வைக்கலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். மூதாட்டி மறுத்து, ஞானஸ்நானத் தொட்டியின் பக்கம் வைக்கச் சொன்னார். பூசை முடிந்தபின், அங்கே தாம் ஞானத்தாயாக நின்ற பிள்ளைகளின் பெயர்களை விரல்விட்டு எண்ணினார். ஒரு கை போதவில்லை. அவர் சொன்ன பெயர்களில் மூன்று, அந்த மூன்று தெருக்களிலேயே குடியிருப்பவர்களின் பெயர்கள்.