மூலமும் படியும்

ஒரு பொருளைக் காத்தல் என்பது அதன் உருவைக் காத்தலா, அப்பொருளையே காத்தலா? அருங்காட்சியகத்தார்க்கும் இயற்கை ஆய்வாளர்க்கும் பொதுவான இவ்வினாவிற்கு விடை காண, பிரான்சு நாட்டு லாசுக்கோ குகையையும், அதன் சுவரில் எழுதப்பெற்ற காட்டு மாட்டையும் ஒருங்கே நோக்குவோம்.

1940-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கண்டறியப்பட்ட இக்குகையின் ஓவியங்கள் ஏறத்தாழ 17,000 ஆண்டுத் தொன்மை உடையன. 1948-இல் குகை பொதுமக்கட்குத் திறக்கப்பெற்றது. நாள்தோறும் திரண்டு வந்தோரின் மூச்சும் உடல் வெப்பமும், விளக்கொளியும் சேர்ந்து, சுவரில் பச்சைப் பாசியையும் வெண்சுண்ணப் படிவையும் தோற்றுவித்தன. காண வந்தோரே ஓவியத்தின் கேட்டுக்குக் காரணராயினமையின், 1963-இல் குகை மூடப்பெற்றது. 1983-இல் அதனருகே முதன்மையான இரு பகுதிகட்கும், 2016-இல் ஏறத்தாழ முழுக் குகைக்கும் படிகள் அமைக்கப்பெற்றன. இப்படிகள் மக்களைத் தம்பால் ஈர்த்து மூலத்திற்கு ஓய்வளிக்கின்றன.

இனி, அச்சுவரில் உள்ள மாட்டைக் காண்போம். ஆராக்சு எனப்படும் அவ்வினம் வீட்டு மாடுகட்கு முன்னோராகும். அதன் இறுதிப் பசு 1627-இல் போலந்து நாட்டு யாக்டோரூவ் காட்டில் மாண்டது. செருமனியைச் சார்ந்த எக் உடன்பிறந்தார் இருவர் 1920-களில் தொடங்கி, வீட்டு மாடுகளைக் கலந்து அவ்வினத்தை மீட்க முயன்றனர். பிறந்த மாடுகள் நிறத்தில் ஓரளவு ஒத்தன, உடற்பருமனில் ஒவ்வவில்லை.

இவ்விரண்டையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலப்படும். படி, தன்னைச் செய்தோர் அறிந்த அளவே அறியும். மூலமோ, இன்னும் எழாத வினாக்கட்கும் விடை தரவல்லது. எக் உடன்பிறந்தார் காலத்தில் மரபணுவைப் படிக்கும் வழியில்லை. இங்கிலாந்தின் டெர்பிசயர்ப் பகுதியிற் கிடைத்த, ஏறத்தாழ 6,750 ஆண்டுப் பழமையுள்ள ஆராக்சு எலும்பொன்றிலிருந்து அவ்வினத்தின் மரபணுத்தொகுதி 2015-இல் படித்து வெளியிடப்பெற்றது. சிதைந்த அவ்வெலும்பு உணர்த்தியதனை, உயிரோடு உலவும் படி உணர்த்தவியலாது.

ஆதலின், மூலத்தைக் காக்கும் பொருட்டுப் படி செய்தல் நன்று. படி உண்டு என்னும் துணிவால் மூலத்தைக் கைவிடுதல் தீது. 2001-இல் மூடிய லாசுக்கோவினுள்ளும் பூஞ்சணம் பரவியது. கதவடைத்தலோடு காவல் முடிவதில்லை. பழங்காட்டை வெட்டிவிட்டு, பிறிதோரிடத்தில் மரம் நட்டு ஈடு செய்வோம் என்பார்க்கும் இவ்வெலும்பே விடை கூறும். அவர் நடுவன அவர் அறிந்த மரங்களே. அவர் வெட்டுவதோ அவர் அறியாதனவற்றையும் உள்ளடக்கியது.