அப்பாவின் சினிமா நோட்டும் ஒரு சாவியும்

போன மாசம் பரண்ல இருந்து அப்பாவோட சினிமா நோட்டு கிடைச்சுது. படம் பார்த்துட்டு வந்தா மனுஷன் எழுதி வைப்பார். படத்தோட பேர், தியேட்டர், தேதி, கூட வந்தது யாரு. அவ்வளவுதான், விமர்சனமெல்லாம் கிடையாது. பிடிக்காத படத்துக்குப் பக்கத்துல மட்டும் ஒரு சின்ன பெருக்கல் குறி. 1987 பக்கத்துல 'நாயகன்', தீபாவளிக்கு மறுநாள், இரண்டாவது ஆட்டம்னு இருக்கு. பெருக்கல் குறி இல்லை :-)

ஆணி அதிகம் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை, இதை போஸ்டரோட ஒரு பக்கமா போடலாமேன்னு உட்கார்ந்தேன். டிஎம்டிபி தளத்துல ஒரு சாவி வாங்கினேன். கூடவே ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. அது பெரிய வித்தை ஒண்ணும் பண்றதில்லை. நாம படத்தோட பேரைக் கொடுத்தா, சாவியையும் சேர்த்து ஒரு முகவரி தயார் பண்ணி அனுப்பும். பதில் ஜேசன் வடிவத்துல வரும். வந்தா ஒரு ஃபங்ஷன், வராட்டி இன்னொரு ஃபங்ஷன். மூணே வரியில நாயகன் போஸ்டர் வந்து நின்னப்போ, ரஹ்மான் மாதிரி எல்லாப் புகழும் இறைவனுக்கேன்னு சொல்லத் தோணிச்சு. ஆனா புகழ் போக வேண்டிய இடம் வேற. அதைத் தோண்டப் போனதுதான் இந்தப் பதிவு.

இங்கிலாந்துல கால் நீதம்னு ஒரு புரோகிராமர். இவரும் எங்கப்பா கேஸ்தான். பார்த்த படத்தோட டைட்டில் கார்டு விவரங்களை வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்கிட்டிருந்தவர். யூஸ்நெட்ல அப்போ சினிமாப் பைத்தியங்கள் கூடுற இடம் ஒண்ணு, ரெக்.ஆர்ட்ஸ்.மூவீஸ். அங்கே ஆளுக்கொரு பட்டியலைப் பிடிச்சுத் தொங்கினாங்க. நடிகைகள் பட்டியல் ஒருத்தர்கிட்ட, இயக்குநர்கள் பட்டியல் ஒருத்தர்கிட்ட, நடிகர்கள் பட்டியல் நீதம்கிட்ட. செத்துப்போனவங்களுக்குத் தனிப் பட்டியல் வேற! 1990 அக்டோபர் 17 அன்னிக்கு, இந்தப் பட்டியல்கள்ல தேடுறதுக்கு யூனிக்ஸ் ஷெல் ஸ்கிரிப்ட் சிலது எழுதி நீதம் எல்லாருக்கும் விட்டார். ஐஎம்டிபி பிறந்த கதை இவ்வளவுதான். வெப்சைட் கிடையாது, கம்பெனி கிடையாது. பட்டியலை டவுன்லோட் பண்ணி நம்ம மெஷின்லயே தேடிக்க வேண்டியதுதான்.

1993-ல வேல்ஸ்ல இருக்கிற கார்டிஃப் பல்கலைக்கழகத்தோட சர்வர்ல இது வலைக்கு வந்துது. அந்த வேலையைப் பண்ணினவர் ராப் ஹார்டில். அப்பாச்சி சர்வரை உருவாக்கின ஆரம்பக் கோஷ்டியிலயும் இவர் உண்டு. 1996-ல கம்பெனியாப் பதிவு பண்ணினாங்க. 1998-ல அமேசான் வாங்கிருச்சு.

இங்கதான் எனக்கு உறுத்துது. ராத்திரி ராத்திரியா கண் முழிச்சு, டிவிடி கூட இல்லாத காலத்துல விஎச்எஸ் டேப்பை நிறுத்தி நிறுத்தி, மூணாவது உதவி கேமராமேன் பேர் வரைக்கும் டைப் பண்ணினது முகம் தெரியாத ஆளுங்க. கடைசியில அது ஒரு கடையோட சரக்கு. நீதம் கெட்டவர்னு சொல்ல வரலை. சர்வர் செலவு, ஆள் சம்பளம் எல்லாம் எங்கிருந்து வரும்? ஆனாலும் உறுத்துது.

அந்தப் பழைய பட்டியல்களைச் சும்மா சொல்லக்கூடாது, அமேசான் கைக்குப் போனப்புறமும் வெறும் டெக்ஸ்ட் ஃபைலா, சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கலாம்னு பல வருஷம் கிடைச்சுக்கிட்டுத்தான் இருந்துது. 2017 கடைசியில அந்தக் கணக்கு முடிஞ்சுது. பதிலுக்கு வேற ஃபைல்கள் கொடுத்தாங்க. அதுல ஒரு நல்லது, படத்தோட எண் இருந்துது. பழைய பட்டியல்ல அது இல்லாம, பேரையும் வருஷத்தையும் வச்சு தளத்தோட பொருத்திப் பார்க்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். ஒரு கெட்டது, கதைச் சுருக்கம் மாதிரி பல விஷயங்கள் காணாமப் போச்சு. அவங்களோட அதிகாரப்பூர்வ ஏபிஐ இப்போ அமேசானோட கிளவுட் சேவை வழியா, காசு கட்டினா உண்டு. நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது சாமி.

அந்த எண் விஷயம் சுவாரசியமானது. டிடி0000001 என்பது கார்மென்சிடா, 1894-ல எடிசன் கூடத்துல எடுத்த ஒரு நடனக்காரியோட படம். நாயகனுக்கு டிடி0093603. இன்னிக்கு யாரோட தரவுத்தளத்தை எடுத்தாலும் இந்த எண்ணையும் ஒரு ஓரத்துல வச்சிருப்பாங்க, படத்துக்கு ரேஷன் கார்டு நம்பர் மாதிரி. விக்கிடேட்டாவுல இதுக்குன்னே ஒரு கட்டம் இருக்கு, பி345.

இதெல்லாம் ஒருபக்கம் இருக்க, பிரவுசர்ல ஒரு சங்கடம். ஒரு தளத்தோட பக்கத்துல இருந்துக்கிட்டு ஜாவாஸ்கிரிப்டால இன்னொரு தளத்தோட தரவை அப்போ படிக்க முடியாம இருந்துது. ஸ்கிரிப்ட் டேகுக்கு மட்டும் அந்தத் தடை இல்லைங்கிற ஓட்டையைப் பயன்படுத்தி, 2005 டிசம்பர்ல பாப் இப்போலிட்டோ சொன்ன குறுக்குவழிதான் ஜேசன்பி. 2006-ல ஜான் ரெசிக் ஜேக்வெரியை வெளியிட்டார். அடுத்த வருஷம் வந்த 1.2 பதிப்புல இந்தக் குறுக்குவழியும் சேர்ந்துச்சு. அப்புறமென்ன, ஞாயித்துக்கிழமை புரோகிராமர்களுக்கெல்லாம் கொண்டாட்டம்!

கதவுகளும் வரிசையா திறந்துச்சு. 2008 அக்டோபர்ல நெட்ஃபிளிக்ஸ் ஏபிஐ கொடுத்தது. 2013-ல புதுசா யாருக்கும் சாவி இல்லைன்னாங்க, 2014 நவம்பர் 14-ல இழுத்து மூடியே விட்டாங்க. ஓஎம்டிபி ரொம்ப நாள் சாவியே கேட்காம இருந்துது. 2017-ல இருந்து அங்கேயும் சாவி, இலவசக்காரங்களுக்கு ஒரு நாளைக்கு 1000 கேள்வி.

நான் பிடிச்ச டிஎம்டிபி 2008-ல ட்ராவிஸ் பெல் ஆரம்பிச்சது. இங்கேயும் டைப் பண்றது தன்னார்வலர்கள்தான். ஏபிஐ நம்மை மாதிரி ஆளுங்களுக்கு இலவசம், பேர் போடணும்னு மட்டும் கண்டிஷன். வியாபாரம்னா தனியா பேசணும். ஆக இதுவும் ஊர்ப் பொதுக்கிணறு இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மனசு வச்சுத் திறந்து விட்டிருக்கிற கிணறு. எந்த நிபந்தனையும் இல்லாத விக்கிடேட்டா தேவலைதான், ஆனா அங்கே போஸ்டர் கிடைக்காதே.

சரி, என் கதைக்கு வர்றேன். பக்கம் தயாரானதும் அக்கா பையன்கிட்ட பெருமையா காட்டினேன். பயபுள்ள போஸ்டரைப் பார்க்கலை. ரைட் கிளிக் பண்ணி, சோர்ஸைத் திறந்து, முப்பத்திரண்டு எழுத்தையும் ராகம் போட்டு வாசிச்சான். "இதானே மாமா உங்க சாவி?" ஙே! பிரவுசர்ல ஓடுற லைப்ரரிக்குக் கொடுத்த சாவி, வாசக்கால் மேல வச்ச சாவிதான். புதுச் சாவி வாங்கி, சர்வர்ல ஒரு குட்டி பிஎச்பி ஃபைலை நடுவுல நிறுத்தி, அதுக்குள்ள ஒளிச்சு வச்சேன்.

அப்புறம்தான் இன்னொண்ணு கண்ணுல பட்டுது. மொழியைத் தமிழ்னு மாத்தினதும், சில பழைய படங்களுக்குக் கதைச் சுருக்கம் வெறும் காலியா வருது. பிழைச்செய்தி கூட இல்லை. யாரும் எழுதலை, அவ்வளவுதான்.

அப்பா நோட்டுல அப்படி பதினேழு படம். கணக்கு ஒண்ணு ஆரம்பிச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா தமிழ்ல டைப் பண்ணிக்கிட்டிருக்கேன். சந்தேகம் வந்தா அம்மாவைக் கேட்டுக்கறேன், பாதிப் படத்துக்கு 'கூட வந்தது' அவங்கதான். இதுவரைக்கும் நாலு முடிஞ்சிருக்கு.