பினாங்கில் குருத்துவம்

ஒரு சமூகத்தின் சார்பில் வழிபாட்டை நடத்தும் உரிமையையும் கடமையையும் ஏற்றிருக்கும் நிலையே குருத்துவம். அந்த உரிமை பிறப்பால் வரலாம். பயிற்சியாலும் தீட்சையாலும் வரலாம். கூடி வணங்குவோர் ஒருவரை முன்னிறுத்துவதாலும் வரலாம். 1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கிய பின், இந்த மூன்று வழிகளும் ஜார்ஜ்டவுனின் சில தெருக்களுக்குள் ஒன்றுகூடின.

தமிழகத்தில் அர்ச்சகப் பொறுப்பு தலைமுறை தலைமுறையாகக் கோயிலோடும் குடும்பத்தோடும் பிணைந்திருந்தது. பினாங்கில் கோயிலை எழுப்பியவர்கள் வணிகர்களும் தொழிலாளர்களும்; குருக்களை வரவழைத்தவர்களும் அவர்களே. இந்த ஊரின் குருத்துவ வரலாற்றுக்குத் தனி முகம் தந்தது இதுதான்.

கோயில்களும் குருக்களும்

ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட்டில் உள்ள மகா மாரியம்மன் கோயிலுக்கான நிலத்தை 1801-இல் கம்பெனி வழங்கியது. சிறு வழிபாட்டிடமாக இருந்த அது, 1833-இல் முறையான கோயிலாக எழுந்தது. தண்ணீர்மலையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1857-இல் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள். 1894 முதல் தைப்பூசத்துக்கு ஓடிவரும் வெள்ளி ரதமும் அவர்கள் கொண்டுவந்ததே.

சிவாலயங்களில் ஆகம வழியில் பூசை செய்யும் சிவாசாரியார் சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை ஆகியவற்றைப் பெற்று, ஆசாரிய அபிஷேகத்துக்குப் பின்பே முழுத் தகுதி அடைகிறார். அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம், தீபாராதனை என அன்றாட பூசையும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை நடத்தும் குடமுழுக்கும் அவர் பொறுப்பு. கணக்கும் சாவியும் ஆலய நிர்வாகத்திடம் இருக்கும்.

தைப்பூசத்தில் குருத்துவத்தின் எல்லையும் தெரிகிறது. மூலவருக்கு அபிஷேகம் செய்பவர் குருக்கள். காவடி எடுப்பவரோ தாமே நேர்ந்துகொண்டு, தாமே விரதமிருந்து, பால்குடத்தைத் தம் தோளிலோ தலையிலோ சுமந்து படியேறுகிறார். அந்த நேர்த்தி முருகனுக்கும் அவருக்கும் இடையிலானது.

தோட்டப் பூசாரிகள்

இன்று செபராங் பிறை எனப்படும் பெருநிலப் பகுதியில், 1840-களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களோடு மாரியம்மனும் முனீஸ்வரரும் மதுரை வீரனும் வந்தார்கள். ஆகமம் படித்த குருக்கள் வரவில்லை. பகலில் தோட்டத்தில் உழைத்த ஒருவரே மாலையில் விளக்கேற்றினார், கரகம் எடுத்தார், அருள்வந்து குறி சொன்னார், நோயுற்ற குழந்தைக்குத் திருநீறு போட்டார். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் வறுமையிலும் கடும் உழைப்பிலும் ஒரு சமூகத்தின் நம்பிக்கையைக் கட்டிக்காத்தவர்கள் அவர்களே. பிற்காலத்தில் பல தோட்டக் கோயில்கள் கோபுரமும் குடமுழுக்கும் கண்டபோது, பூசாரி நின்ற இடத்துக்குக் குருக்கள் வந்தார்.

பள்ளிவாசலும் விகாரையும்

தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் இமாம் தொழுகையை முன்னின்று நடத்துகிறார். ஆனால் இஸ்லாத்தில், இறைவனுக்கும் அடியாருக்கும் நடுவே நிற்கும் குருத்துவம் என்று ஒன்று இல்லை. மார்க்க அறிவும் குர்ஆன் ஓதும் திறனுமே இமாமின் தகுதி. தமிழ் முஸ்லிம்களிடையே லெப்பை, ஆலிம் என வழங்கும் பெயர்கள் ஓதுவதையும் கற்பிப்பதையும் சார்ந்தவை.

1803-இல் தோன்றிய பர்மிய விகாரையான தம்மிகாராமத்தின் பிக்குகளும் வேறு வகையினர். துறவே அவர்களுடைய அடையாளம். விரும்பினால் காவியைக் களைந்து இல்லறத்துக்குத் திரும்பவும் வழி உண்டு.

குருமடம்

குருக்களை வரவழைத்த பினாங்கு, குருக்களை உருவாக்கி அனுப்பியும் இருக்கிறது. பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையார் 17-ஆம் நூற்றாண்டில் சயாமின் அயுத்தியாவில் தொடங்கிய குருமடம், போராலும் துன்புறுத்தலாலும் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. 1770-களில் அது புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் இயங்கியது. 1808-இல் பினாங்கில் புத்துயிர் பெற்றது. கத்தோலிக்க மரபில் ஆயர் கைவைத்துத் திருநிலைப்படுத்தினால்தான் ஒருவர் குருவாக முடியும். அதற்கு முன் பல ஆண்டுக் கல்வி தேவை. சீனா, வியட்நாம், சயாம், பர்மா எனப் பல நாட்டு இளைஞர்கள் இங்கே இலத்தீன் வழியாகப் படித்தார்கள். அவர்களுள் சிலர் வியட்நாமில் விசுவாசத்துக்காக உயிர்நீத்து, 1988-இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். குருமடம் 1984-இல் தஞ்சோங் பூங்காவுக்கு மாறியது. அந்த இடமாற்றத்துக்கு முன்பே இக்குருமடத்தில் பயின்ற செபஸ்தியான் பிரான்சிஸ், பினாங்கு ஆயராகி, 2023-இல் கர்தினாலாக உயர்ந்தார்.

ஆங்கிலிக்கன் குருவான ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் பள்ளிக்கூடத்துக்காக நினைவுகூரப்படுகிறார். 1816-இல் அவர் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் இன்றும் நடக்கிறது.

சட்டமும் இன்றைய நிலையும்

1906-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் வழியே பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் அமைந்தது. கோயில் சொத்துகள் சில அதன் மேற்பார்வைக்கு வந்தன. 1982-இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், சமயகுருமார்களைத் துணைப் பதிவாளர்களாக நியமிக்க இடமளித்தது. அவ்வாறு நியமனம் பெற்றவர் நடத்தும் திருமணத்தில் சடங்கும் பதிவும் ஓரிடத்திலேயே முடிகின்றன.

தமிழகத்தில் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கும் சட்டம் 1970-இல் வந்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோதிலும், ஆகம மரபைக் காக்க வேண்டும் என்றது. நெடிய வழக்குகளுக்குப் பிறகு, 2021 ஆகஸ்ட் 14 அன்று, பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டனர். பினாங்கில் குருக்களைத் தேர்ந்து அமர்த்துவது பெரும்பாலும் ஆலய நிர்வாகத்தின் கையில் இருந்துவந்திருக்கிறது. ஆதலால் இங்கே தடை வேறிடத்தில் இருக்கிறது. மலேசியக் கோயில்கள் பலவற்றுக்குக் குருக்கள் இன்றும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை அனுமதியில் வருகிறார்கள். அனுமதி முடிந்தால் அவர்கள் ஊர் திரும்ப வேண்டும். அடுத்தவர் வரும்வரை கோயில் காத்திருக்க வேண்டும். உள்ளூரில் பிறந்த இளைஞர்களுக்கு முறையான ஆகமப் பயிற்சியும், குடும்பம் நடத்தப் போதுமான ஊதியமும், சமூகத்தில் உரிய மதிப்பும் தருவது ஆலய நிர்வாகங்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாத வேலை.