ஹெராயின் பழக்கமும் மரணமும் (மலேசியா)

கிராக் எனப்படும், புகையாக உள்ளிழுக்கப்படும் கொக்கெயின், அமெரிக்க நகரங்களில் இருதயத்தையும் சுவாசப்பையையும் தாக்கி எண்ணற்றோரைப் பலி கொண்டதைப்போல, டெங்கில், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் நெடுங்காலம் உயிர்களைச் சூறையாடியது, ஊசி வழியே இரத்தத்தில் கலக்கும் ஹெராயினாகும்.

நால்வர் பகிரும் ஒற்றை ஊசியில், மருந்தைச் செலுத்துமுன் சற்றே பின்னிழுக்கும்போது குழாய்க்குள் சுருளும் செந்நிறக் கீற்றே எச்.ஐ.வி.க்கும் கல்லீரலை அரிக்கும் ஹெப்படைட்டிஸ் 'சி'க்கும் வாகனமாயிற்று. மலேசியாவில் 1986-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி., 2002-இல் ஒரே ஆண்டில் 6,978 பேரிடம் புதிதாகப் பதிவாயிற்று. அவர்களுட் பெரும்பான்மையோர் ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றிக்கொண்டவர்களே.

மிகை மருந்தேற்றம் மூச்சைப் படிப்படியாகத் தணித்து, உதடுகள் நீலம் பாரிக்க, உறக்கம் போன்ற தோற்றத்திலேயே பிராணனைப் போக்கிவிடும். சிறையிலோ தடுப்பு நிலையத்திலோ மாதக்கணக்கில் விலகியிருந்த தேகம் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுவதால், விடுதலைக்குப் பின்வரும் முதற்சில வாரங்களே மிகுந்த அபாயமுடையவை. உறவினர் நிம்மதியடையும் அதே தருணத்தில் ஆபத்து உச்சமடைவது கொடுமையிலும் கொடுமை.

தண்டனையையே பெரிதும் நம்பியிருந்த அரசாங்கம் 2005-இல் ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் சிகிச்சையையும், 2006-இல் ஊசிப் பரிமாற்றத் திட்டத்தையும் ஆரம்பித்தது; தாமதமாயினும் அது மனிதாபிமானம் வாய்ந்த தீர்மானம். மருந்தாளர் கண்ணெதிரே சிறு கிண்ணத்தில் அன்றாடம் அருந்தப்படும் மெத்தடோன் திரவம் ஊசியின் தேவையை அகற்றி, மரண விகிதத்தைக் கணிசமாகக் குறைக்கிறது.